பெயிண்ட் அண்ணாச்சி

புரட்டாசி பிறந்துவிட்டால் செண்பகத்தோப்புப் பக்கத்து லேத் பட்டறைகளில் ஒருவருக்குக் கை பரபரக்க ஆரம்பிக்கும். மற்ற மாதங்களில் அவர் வெறும் முதலாளி. தோப்புக்காரர்களின் பம்புசெட் ஷாஃப்டைக் கடைவார், புஷ் போடுவார், கேட்டவருக்கெல்லாம் "நாளைக்கு வாங்க" என்பார். ஆயுதபூஜை நெருங்கியதும் கையில் பிரஷ் ஏறிவிடும். அன்றுமுதல் அவர் பெயிண்ட் அண்ணாச்சி.

சாம்பல் நிற அணிலுக்காக 1988இல் சரணாலயமாகி, 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தில் சேர்ந்த காடு பக்கத்திலேயே இருக்கிறது. அந்த அணிலைப் பார்க்க மரத்தடியில் கழுத்து வலிக்க நிற்க வேண்டும். அண்ணாச்சியின் பட்டறையில் சாம்பல் நிறத்துக்கு அந்தக் கஷ்டமே இல்லை. லேத், ட்ரில்லிங் மெஷின், பெஞ்ச் வைஸ், மேஜை விசிறி, தண்ணீர்ப் பானை ஸ்டாண்டு எல்லாம் ஒரே சாம்பல். டப்பாவில் மிச்சமிருந்தால் சைக்கிளின் மட்கார்டும் தப்பாது.

முறைப்படி செய்தால் இது பொறுமையான வேலை. எண்ணெய்ப் பிசுக்கை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவ வேண்டும். பழைய பெயிண்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, குழிகளில் பட்டி பார்த்து, ரெட் ஆக்சைடு அடித்துக் காயவிட்ட பிறகுதான் எனாமல். அண்ணாச்சி நேரே எனாமலில் ஆரம்பிப்பவர். "பழைய பெயிண்டு நல்லாத்தானடா பிடிச்சிருக்கு, அதை எதுக்குச் சுரண்டிக்கிட்டு?" துடைப்பதோடு சரி. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய காலத்திலிருந்து இந்தப் பக்கம் கழிவுப் பஞ்சுக்குப் பஞ்சமில்லை. அந்தப் பஞ்சின் பிசிறு மெஷினிலேயே ஒட்டிக்கொள்ள, அதன்மேலேயே பிரஷ் ஓடும். காய்ந்தபின் தடவிப் பார்த்தால் லேத்துக்குப் பூனைமயிர் முளைத்திருக்கும்.

லேத்தின் காலில் ஓரிடத்தில் பெயிண்ட் பெயர்ந்திருக்கும். குனிந்து பாருங்கள், அண்ணாச்சியின் வரலாறே அங்கே அடுக்கடுக்காகத் தெரியும். மேலே சாம்பல். அதற்குக் கீழே வீட்டு ஜன்னலுக்கு வாங்கி மிஞ்சிய பச்சை. அதற்கும் கீழே டிராக்டர்காரர் விட்டுப்போன நீலம். எல்லாவற்றுக்கும் அடியில்தான் கம்பெனிக்காரன் அடித்த அசல் பெயிண்ட். அது மட்டும் இன்னும் அசையவில்லை.

பித்தளைத் தகடு எப்போதோ பெயிண்டுக்குள் அடக்கமாகிவிட்டது. எந்த வருஷத்து மெஷின் என்று கேட்டால், "எங்கப்பா காலத்தது" என்பார். ஆயில் துளைகளும் அடைபட்டுப் போயின. மெஷின் பட்டினி. க்ராஸ் ஸ்லைடு டயலில் கோடும் இல்லை, எண்ணும் இல்லை. பூஜை முடிந்த மறுநாள் பட்டறைப் பையனுக்கு முதல் வேலை, உடைந்த ஆக்சா பிளேடின் முனையால் பூஜ்யத்தைத் தோண்டி எடுப்பதுதான்.

பூஜையன்று மாலைதான் இன்னும் விசேஷம். மலையடிவாரத்தில் மழை தூறிக்கொண்டிருக்க, எனாமல் எங்கே காயும்? அதன்மேலேயே சந்தனம் வைத்துக் குங்குமமும் இட்டுவிடுவார். பொட்டு அப்படியே பதிந்து அடுத்த ஆயுதபூஜைவரை அழியாமல் நிற்கும். சக் மூடியில் இரண்டு பொரி நிரந்தரமாகக் குடியேறியிருக்கும். அண்ணாச்சிக்கு அதில் துளி வருத்தமும் கிடையாது.

பையன் ஒருநாள் துணிந்து கேட்டானாம்.

"அண்ணாச்சி, பெயிண்ட் அடிச்சா ஷாஃப்ட் நேரா வருமா?"

"ஷாஃப்ட் வராதுடா. கஸ்டமர் வருவாருல்ல?"

அவர் சொன்னதில் பொய்யில்லை. பளபளப்பைப் பார்த்து உள்ளே வருகிறவர்கள் நாம்தானே. ஒன்று சொல்லவேண்டும், அண்ணாச்சி யாரையும் ஏமாற்ற அடிப்பவரல்ல. அவரிடம் எண்ணெய்க் கேன் கேட்டால்தான் முகம் கோணும், பெயிண்ட் டப்பா கேட்டால் மலரும். பழைய மெஷினை வாங்கி, ஒரு கோட் அடித்து, விலையை ஏற்றி விற்கும் தரகர் வேறு ஜாதி.

அந்தத் தரகரிடம் லேத் வாங்கப் போகிறீர்களா? பெயிண்டைப் பார்க்காதீர்கள். ஷாஃப்டைப் பிடிக்கும் சக்குக்குப் பக்கத்தில், லேத்தின் பெட்டின்மேல் விரலை ஓட்டுங்கள். வெட்டும் டூலைச் சுமக்கும் கேரேஜ் பல வருஷம் போய்வந்து அதிகம் தேய்வது அங்கேதான். மறுகோடியில் டெயில் ஸ்டாக் பக்கம் அவ்வளவாகத் தேயாது. இரண்டுக்கும் நடுவே விரலில் படிபோல ஏதாவது தட்டினால், எந்தக் கலர் அடித்திருந்தாலும் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.