பர்ஸ் காலி, நாடு ஜாலி

கே: மாதக் கடைசியில் என் பர்ஸ் காலி. இதனால் நாட்டுக்கு ஏதாவது லாபம் உண்டா?

ப: உண்டு! இந்தியாவின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறக்குறைய 60 சதவீதம் உங்களைப் போன்றவர்களின் பர்ஸ் காலியானதால் வந்ததுதான். நன்றிக் கடிதமெல்லாம் வராது. ஜி.எஸ்.டி. ரசீதையே அப்படி நினைத்துக்கொள்ளுங்கள்.

கே: செலவாளி அமெரிக்கரா, சீனரா?

ப: அமெரிக்காவில் வீட்டுச் செலவு பொருளாதாரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். சீனாவில் 40 சதவீதத்தை ஒட்டித்தான். ஒருவர் செய்து விற்கிறார், மற்றவர் வாங்கிவிட்டுத் தவணை கட்டுகிறார்! ஆனால் சீனர் கஞ்சர் என்று முடிவு கட்டாதீர்கள். நாட்டு வருமானத்தில் குடும்பங்களின் கைக்கு வரும் பங்கே அங்கே குறைவு. வந்ததையும் ஆஸ்பத்திரிக்கும் முதுமைக்கும் பயந்து முடிந்து வைக்கிறார்கள்.

கே: எனக்குச் சொந்த வீடு. வாடகை மிச்சம்தானே?

ப: உங்களுக்கு மிச்சம். புள்ளியியல்காரர் விடுவாரா? உங்கள் வீட்டுக்கு நீங்களே வாடகை கொடுப்பதாக வைத்துக்கொண்டு அதையும் நுகர்வில் சேர்த்துவிடுவார். அட்வான்ஸ்தான் கேட்பதில்லை.

கே: என் மனைவியின் சமையல் இந்தக் கணக்கில் வருமா?

ப: சாம்பாருக்கு வாங்கிய பருப்பு வரும், சாம்பார் வைத்த கை வராது. அதையே ஹோட்டலில் சாப்பிட்டால் முழுசாக வரும். (அவரிடம் சொல்லிவிடாதீர்கள். பில் நீட்டுவார்!)

கே: கிராமத்துக்காரர்கள் இன்னும் சோற்றுக்குத்தானே செலவழிக்கிறார்கள்?

ப: 2023-24 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, கிராமத்துச் செலவில் உணவு சுமார் 47 சதவீதம். அதில் முதலிடம் அரிசிக்கு இல்லை. பானம், பலகாரம், பாக்கெட் தீனிக்கு!