திரை வரையும் தம்பிக்கு

திரை வரைகிற மென்பொருளின் புதிய பதிப்பு இறங்கிவிட்டதா, தம்பி? நல்லது. பூநகரிப் பக்கம் ஒரு அரிசி ஆலைக்கு ஒப்பரேற்றர் தொட்டு இயக்கும் திரை வரைகிற வேலை உமக்குக் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபிறகு யாழ்ப்பாணத்திலிருந்து போய்வருவது பெரிய பாடில்லை. ஆகையால் கவனமாய் இரும், போய்விடாதேயும். போனால் உமித்தூசியையும், இரவுமுறை ஆளின் சிவந்த கண்ணையும், அவருடைய விரலின் தடிப்பையும் பார்க்க நேரும். பார்த்தால் பொத்தானைப் பெரிதாக்க மனம் வரும். வடிவு கெட்டுவிடும்.

நிறத்திலிருந்து தொடங்கும். இந்தத் தொழிலில் ஊறினவர்கள் பின்னணியைச் சாம்பலாக விட்டுவிட்டு, பிழை வந்த இடத்துக்கு மட்டும் நிறம் கொடுக்கச் சொல்வார்கள். உமி எரிக்கிற ஆலையில் சாம்பலுக்கா பஞ்சம்? எவ்வளவு பெரிதாக்கினாலும் கலங்காத வெக்டர் படங்கள் புதிய பதிப்பில் வந்திருக்கின்றன. முப்பரிமாண எலிவேட்டர், புகை விடும் கொதிகலன், சுழலும் காற்றாடி எல்லாவற்றையும் இறக்கும். முதலாளி “திறம்!” என்பார். காசு தருகிறவர் அவர்தானே.

காற்றாடிப் படத்தை மோட்டர் உண்மையிலேயே சுற்றுகிறதா என்று சொல்லும் சென்சரோடு இணைக்கப் போகாதேயும். அதற்கு வயர் இழுக்கவேண்டும். ‘ஓடு’ என்று போன கட்டளையோடு இணைத்தால் போதும். பெல்ட் அறுந்து கிடந்தாலும் திரையில் அழகாய்ச் சுற்றும். இதற்கு முன்மாதிரி உண்டு. 1979 மார்ச் 28, அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. பலகையில் விளக்கு அணைந்திருந்ததால் மூடிவிட்டதென்று நம்பினார்கள். அந்த விளக்குக்குத் தெரிந்ததோ ‘மூடு’ என்ற கட்டளை போன செய்தி மட்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்விக்கும் நீர் வெளியேறியது. உலையின் உட்பகுதியில் ஏறக்குறையப் பாதி உருகிப்போனது. அவர்களிடம் இருந்தது வெறும் விளக்கு. உம்மிடம் அசைகிற படமே இருக்கிறது.

அலாம்களைப் பற்றிக் கஞ்சத்தனம் வேண்டாம். எல்லாவற்றையும் ‘அதி அவசரம்’ என்ற பிரிவில் போடும். பிறகு ஒருவரும் உம்மைக் குறைசொல்ல முடியாது. 1994 ஜூலை 24 அன்று வேல்ஸின் மில்ஃபர்ட் ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வெடிப்பதற்கு முந்திய 11 நிமிடங்களில் இரண்டு ஒப்பரேற்றர்களுக்கு 275 அலாம்கள் வந்தன. எல்லாம் முறைப்படி அறிவிக்கப்பட்டிருந்தன, பாரும்.

இனி ரெசிப்பி. ஒவ்வொரு நெல்வகைக்கும் வேண்டிய அளவுகளைச் சேமித்து, ஒரு தொடுதலில் மாற்றும் வசதி. பூநகரி என்றால் மொட்டைக்கறுப்பன், சிவத்த அரிசி. கலர் சோட்டருக்குள் கமரா ஒவ்வொரு மணியாகப் பார்க்கும். நிறம் பிசகினதைக் காற்று ஊதித் தள்ளிவிடும். வெள்ளை அரிசிக்கான ரெசிப்பியில் மொட்டைக்கறுப்பனை விட்டால் மெஷினுக்கு ஒவ்வொரு மணியும் கழிவு. ஆகவே ‘மொட்டைக்கறுப்பன்’ என்று பெயர் எழுதிக் காரியத்தைக் கெடுக்காதேயும். ‘ரெசிப்பி 07’ என்று விடும். எழுத்து எள்ளளவாய் இருக்கட்டும். கரண்ட் போய் வந்தால் ஒன்றும் கேளாமல் வெள்ளை அரிசிக்கான 01க்குத் திரும்பும்படி வையும். விடிய வந்து பார்த்தால் கழிவுப்பெட்டியில் உயர்தரச் சிவத்த அரிசி நிறைந்திருக்கும். நல்ல அரிசிப் பெட்டி வெறுமையாய்க் கிடக்கும். காரணம் ஒப்பரேற்றரின் கவனக்குறைவு என்று அறிக்கை எழுதலாம்.

மொழி மாற்றும் பொத்தானும் இருக்கிறது. தமிழைச் சேர்த்ததாக விலைப்பட்டியலில் காட்டும், திரையில் சோதிக்காதேயும். சில பழைய பனல்களில் கொம்பும் அரவும் எழுத்தைவிட்டு விலகி நிற்கும், கொதிகலன் கொதிகலனாகவே தெரியாது. பாமினியில் தட்டினதை அப்படியே யூனிகோட் பெட்டிக்குள் ஒட்டினால் இன்னும் விசேஷம். ஒப்பரேற்றர் நான்கு நாளில் பொத்தான் இருக்கும் இடத்தை மனப்பாடம் செய்துவிடுவார். அடுத்த பதிப்பில் அந்த இடத்தை மாற்றும்.

விரல்களால் விரித்துப் பெரிதாக்குவது, தள்ளிப் பக்கம் மாற்றுவது எல்லாம் தாராளமாய்ச் செய்யும்; கையுறை போட்டவர் கழற்றட்டும். ஆனால் அவசர நிறுத்தத்தை மட்டும் திரைக்குள் வைக்காதேயும். அது கையால் அடிக்கக்கூடிய சிவப்புக் காளான் பொத்தானாக, மென்பொருளை நம்பாமல் தனி வயரில் இருக்கவேண்டும். திரை உறைந்தாலும் மெஷின் நிற்கவேண்டும். இதில் பகிடி இல்லை.

வேலை முடிந்ததும் மூலக்கோப்பை ஆலையில் விட்டு வராதேயும். பனலுக்குள் ஓடுவது தொகுத்த பிரதி. பலவற்றில் அதை இறக்கித் திருத்த வழியில்லை. அசல் உம்முடைய லப்டொப்பில் மட்டும் இருக்கட்டும். நாளைக்கு நீர் கனடாவுக்குப் போய்விடுவீர். ‘07’ என்பதை மாற்றித் தரச்சொல்லி ஆலையிலிருந்து வாட்ஸ்அப்பில் கூப்பிடுவார்கள். அவர்களுக்குப் பகல் என்றால் உமக்கு நடுச்சாமம். எடுக்கத் தேவையில்லை.