ரூட் ரெண்டு கீழே குடியிருக்கலாமா? ஓர் ஆய்வு

கொழிஞ்சாம்பாறையிலிருந்து மூணாறு வரை, கேரள எல்லையோரத் தமிழ்வழி வகுப்பறைகளில் ஆண்டுதோறும் ஒரு கட்டாயக் குடிபெயர்ப்பு நடக்கிறது. பின்னத்தின் பகுதியில் யாருக்கும் தொந்தரவு தராமல் இருந்த வர்க்கமூலம், தொகுதிக்கு ஏற்றப்படுகிறது. குற்றச்சாட்டு என்னவென்று அதனிடம் யாரும் சொல்வதில்லை. அதனால்தான் இந்த ஆய்வு தேவைப்பட்டது.

நிகழ்வு எப்போதும் ஒரே மாதிரிதான். கரும்பலகையில் 1/√2 எழுதப்படுகிறது. "கீழே ரூட் இருக்கக் கூடாது. மேலேயும் கீழேயும் ரூட் ரெண்டால பெருக்கு" என்கிறார் ஆசிரியர். √2/2 கிடைக்கிறது. ஏன் கூடாது என்று கடைசி பெஞ்சு கேட்டால், "மார்க் போயிடும்" என்பதே பதில். வாளையாறு எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டிலும் இதே பதில்தான். கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி. கணக்குத் தாள் தமிழிலும் அச்சாகிறது. தாள் எந்த மொழியில் இருந்தாலும் மிரட்டல் ஒன்றுதான்.

தடை எங்கிருந்து வந்தது? கால்குலேட்டர் இல்லாத காலத்திலிருந்து. √2 ஏறத்தாழ 1.414. ஒன்றை அதால் வகுத்துப் பாருங்கள். பத்தாயிரத்தில் 1414 ஏழு முறை போகும். 9898 கழித்தால் மீதி 102. ஒரு பூஜ்யம் சேர்த்தாலும் போகாது. இன்னொரு பூஜ்யம் சேர்த்தால் மறுபடி ஏழு, மறுபடி 9898, மீதி 302. தாளின் ஓரம் முழுக்கக் கிறுக்கிய பிறகு 0.707 வருகிறது. இதையே √2/2 என்று மாற்றிவிட்டால் 1.414இல் பாதி, பேனாவைத் திறக்கவே வேண்டாம். ஆக, வகுக்கிறவனின் கை வலிதான் சட்டமானது. கை வலி போய்விட்டது. சட்டம் மட்டும் நிற்கிறது.

சட்டம் போட்டவர்களாவது கடைப்பிடிக்கிறார்களா என்று பார்த்தால், ஆய்வுலகம் தலைகுனிய வேண்டிய செய்தி கிடைக்கிறது. என்.சி.இ.ஆர்.டி.யின் ஒன்பதாம் வகுப்புப் புத்தகம் பகுதியிலிருந்து மூலத்தை நீக்கக் கற்றுத் தருகிறது. பத்தாம் வகுப்பு முக்கோணவியல் அட்டவணையிலோ சைன் 45° என்பதற்கு நேராக 1/√2, டேன் 30° என்பதற்கு நேராக 1/√3. இரண்டும் கீழ்த்தளத்தில் கால் நீட்டிப் படுத்திருக்கின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல் அட்டவணையிலும் இதே காட்சிதான். மாணவன் செய்தால் பிழை, அட்டவணை செய்தால் மரபு.

எதிர்த்தரப்புக்கும் ஒரு வலுவான சாட்சி உண்டு. அதன் பெயர் 1/(√5−2). √5ஐ 2.24 என்று தோராயமாக வைத்துக்கொண்டால் கீழே 0.24, விடை 4.17 என்று வரும். மேலும் கீழும் √5+2 ஆல் பெருக்கினால் பகுதி 5−4, அதாவது 1. மிஞ்சுவது √5+2. இப்போது அதே 2.24ஐப் போட்டால் 4.24. உண்மையான மதிப்பு 4.236 சொச்சம். ஏறத்தாழச் சமமான இரண்டு எண்களைக் கழிக்கும்போது தோராயத்தின் சிறு பிழை ஊதிப் பெரிதாகிறது. மேலே ஏற்றினால் அடங்குகிறது. கால்குலேட்டர் வந்தும் சாகாத காரணங்களில் இது ஒன்று. வகுப்பில் சொல்லப்படாத காரணமும் இதுவே.

உள்ளூர்ச் சான்று இல்லாத ஆய்வுக்கு மதிப்பில்லை. பாலக்காட்டுச் சித்தூர் வழியாக ஓடும் ஆறு போய்ச் சேரும் பாரதப்புழையின் கரைகளில்தான் கேரளக் கணித மரபு செழித்தது. அதன் முதல்வரான சங்கமகிராம மாதவர் 14ஆம் நூற்றாண்டுக்காரர். வட்டத்தின் சுற்றளவு காண அவர் வழி: விட்டத்தின் வர்க்கத்தைப் பன்னிரண்டால் பெருக்கி மூலம் எடு, பிறகு திரும்பத் திரும்ப மூன்றாலும், வரிசையாக ஒற்றைப்படை எண்களாலும் வகுத்து, மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டு. விட்டம் 1 என்று வைத்து, பள்ளி அட்டவணையின் டேன் 30° மதிப்பை அப்படியே கொண்டு எழுதினால் இத்தொடர் 6/√3 என்று தொடங்கும். மாதவரிடம் அது √12. பகுதியில் மூலமே இல்லை! 16ஆம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர் மலையாளத்தில் எழுதிய யுக்திபாஷை இதற்கு நிரூபணமும் தருகிறது. 'மார்க் போயிடும்' என்று மாதவரை மிரட்டியவர் எவரும் இல்லை என்பது கவனிக்கத்தக்கது.

ஆய்வின் தீர்ப்பு: 1/√2 தனியாக இருந்தால் அங்கேயே இருக்கட்டும். கழித்தல் குறியோடு கூட்டுக்குடித்தனம் செய்தால் மட்டும் மேலே ஏற்றுங்கள். இந்தத் தீர்ப்பு எந்தத் தேர்வு வாரியத்தையும் கட்டுப்படுத்தாது என்பதால், மார்ச்சில் எழுதப்போகிறவர்கள் பேசாமல் √2/2 என்றே எழுதிவிட்டு வாருங்கள்.