பிரவேச ஜாதகம்

வணிக நிர்வாகத்தில் டாக்டர் பட்டம் பெற விரும்புகிறவன் அந்த ஆசையைக் கோலாலம்பூரில் வெளியிட்டால், கேட்பவர்கள் ஒரு வாழ்த்துச் சொல்லிவிட்டு அப்பால் போய்விடுவார்கள். ஆனால் சாலையோரம் ஒரு வரிசைக் கடைகளும், அவற்றுக்குப் பின்னே சரிவெங்கும் பிளாஸ்டிக் கூரையிட்ட காய்கறித் தோட்டங்களுமாகக் கேமரன் மலையில் ஒதுங்கியிருக்கும் எங்கள் திரிங்காப்பில், இடம் கிடைக்குமா கிடைக்காதா என்று தீர்ப்புக் கூறும் பொறுப்பைச் சர்வகலாசாலைக்கு விட்டுவைக்கும் வழக்கம் இல்லை.

என் விஷயத்தில் முதல் தீர்ப்பு, ஆயுள் முழுதும் தேயிலைத் தோட்டக் கணக்கெழுதி ஓய்வு பெற்ற கிராணி ஐயாவுடையது. அமெரிக்கக் கலாசாலைகள் பல ஜிமேட் என்ற பரீட்சையின் மதிப்பெண்ணைக் கேட்கும் என்றும், இப்போதைய முறைப்படி அது 205 முதல் 805 வரை ஓடும் என்றும், இடையில் வரும் மதிப்பெண்கள் யாவும் 5-இலேயே முடியும் என்றும் நான் சவிஸ்தாரமாக விளக்கியபோது, அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, "எல்லாத் தொகையும் அஞ்சிலேயே முடியுதுன்னா எவனோ கணக்கைத் திருத்தியிருக்கான் தம்பி, முதல்ல ஆடிட்டரைக் கூப்பிடச் சொல்லு" என்றார்.

பெயர்பெற்ற கலாசாலைகளில் ஒரு துறைக்கு ஆண்டுதோறும் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரையே சேர்த்து, கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, அதற்கு மேல் நாலைந்து வருஷம் உபகாரச் சம்பளமும் கொடுப்பார்கள் என்பதைக் கேட்ட பெரியம்மா, "காசும் குடுத்துப் படிக்கவும் வைக்கிறானா? அப்ப வேலை ரொம்பக் கஷ்டமாத்தான் இருக்கும்" என்றார். அந்தப் பட்டத்தைப் பற்றி இதைவிட நுட்பமான அபிப்பிராயத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை.

மாமா எனக்கு முன்னுதாரணமாக நிறுத்தியது சி.கே.பிரகலாத்தை. கோயம்புத்தூரில் 1941-இல் பிறந்து, சென்னை லயோலாவில் பௌதிகம் பயின்று, யூனியன் கார்பைடு கம்பெனியில் நான்கு வருஷம் உழைத்து, அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகம் வழியாக ஹார்வர்டு சேர்ந்து, 1975-இல் டாக்டரானவர் அவர். அவரும் தொழிற்சாலையில் இருந்தார், நீயும் தேயிலைத் தொழிற்சாலையில் இருக்கிறாய். அவரும் தமிழ்நாடு, உன் கொள்ளுத்தாத்தாவும் தமிழ்நாடு. இவ்விரண்டு பொருத்தங்களுக்கு மேல் மாமாவுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. நடுவிலுள்ள அகமதாபாத்தை அவர் பஸ் நிற்குமிடம் போலக் கருதினார்.

உண்மையில் இவ்வூரில் யோக்கியதை உள்ளவர் கோஸும் சலாட்டும் பயிரிடும் சீனத் தவுக்கே ஒருவர்தாம். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் மறுநாள் கோஸ் என்ன விலைக்குப் போகும் என்று ஊகித்து, லாரியில் எவ்வளவு ஏற்றுவது, எவ்வளவை நிலத்திலேயே விட்டுவைப்பது என்பதைச் சிகரெட் அணைவதற்குள் தீர்மானித்துவிடுவார். தீர்மானம் பெரும்பாலும் பொய்ப்பதில்லை. ஆயினும் அவருக்கு இடம் கிடைக்காது. ஏனெனில் தேர்வுக் குழுவினர் வியாபாரம் தெரிந்தவரைத் தேடுவதில்லை. வியாபாரம் தெரிந்தவர் ஏன் அப்படிச் செய்கிறார் என்று வருஷக்கணக்கில் உட்கார்ந்து யோசிக்கக்கூடியவரை, அதிலும் அங்குள்ள பேராசிரியர் ஒருவரின் யோசனையோடு இசைந்துபோகும் யோசனை உடையவரைத் தேடுகிறார்கள். உயர்ந்த மதிப்பெண்ணோடு போய் ஏமாந்து திரும்புகிறவர்களுக்கு இந்தச் சங்கதி கடைசி வரை பிடிபடுவதில்லை. நம் நாட்டுச் சர்வகலாசாலைகளிலும், ஆய்வுத் திட்டம் ஒன்றை எழுதி, அதை மேற்பார்க்கச் சம்மதிக்கும் ஒரு பேராசிரியரைத் தேடிப் பிடிப்பதுதான் விண்ணப்பத்தில் பாதி. நானும் பயிற்சிக்காகத் தவுக்கேயிடம், ஏன் இன்று பாதி லாரிதான் ஏற்றினீர்கள் என்று கேட்டுப் பார்த்தேன். "ஏன்னு யோசிச்சா கோஸ் அழுகிப் போகும்" என்று மலாயில் பதில் வந்தது.

எஞ்சியவை சிபாரிசுக் கடிதங்கள். வழக்கமாக மூன்று கேட்பார்கள். இரண்டை என் பழைய விரிவுரையாளர்கள் எழுதுவார்கள்; அவற்றில் நான் ஒப்பற்ற மாணவன் என்றிருக்கும், எல்லாருடைய கடிதத்திலும் அப்படித்தான் இருக்கும். மூன்றாவதை எழுதத் தாமாகவே முன்வந்த கிராணி ஐயா, தோட்டத்து நற்சாட்சிப் பத்திரத்தின் பழைய சம்பிரதாயப்படி, "பெரட்டுக்குத் தவறாமல் வருவான், கடைப் பாக்கி இல்லை, குடிப்பதில்லை, மழையிலும் வேலை செய்வான்" என்று நான்கே வரியில் முடித்துவிட்டார். ஒரே கேள்வியைக் கட்டிக்கொண்டு நாலைந்து வருஷம் மாரடிக்கப் போகிறவனைப் பற்றி ஒரு குழு இதற்கு மேல் என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. ஆகவே அதையே அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கணினி வழியாக மட்டுமே ஏற்பார்கள் என்று எத்தனை தரம் சொன்னாலும், அவர் ரப்பர் முத்திரையையும் மைப்பெட்டியையும் கையில் வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் குத்துவது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.