முகூர்த்த நாளும் பரிமாற ஆளும்

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய வட்டாரங்களில் கல்யாணப் பந்திக்குப் பரிமாற ஆள் கிடைக்காமல் திண்டாடுவதை ஆட்பஞ்சம் என்று கருதுவது பிழை, பஞ்சம் நாளுக்குத்தான். ஆடி, புரட்டாசி, மார்கழி ஆகிய மாதங்களைப் பெரும்பாலான குடும்பங்கள் விலக்கிவிடுகின்றன. எஞ்சிய மாதங்களிலும் செவ்வாயும் சனியும் தள்ளுபடியாகி, தேய்பிறை அரைமனத்தோடு மட்டுமே ஏற்கப்படுவதால், வளர்பிறை முகூர்த்தம் ஒன்று ஞாயிற்றுக்கிழமையில் வந்து வாய்க்கும்போது தென்சென்னையின் சத்திரங்கள் யாவும் ஒரே காலையில், ஒரே நேரத்தில், ஒரே இட்லியைப் பரிமாற முற்படுகின்றன. இச்சந்தையை ஆள்வது தொழிலாளர் துறை அன்று, பஞ்சாங்கமே. பழைய வாய்பாடுகளைப் பின்பற்றும் வாக்கியப் பஞ்சாங்கமும், திருத்திய வானியல் கணக்கைக் கொண்ட திருக்கணிதப் பஞ்சாங்கமும் சில வேளைகளில் முரண்படுவது சாஸ்திரம் அறிந்தவர்களுக்குக் கவலை தரலாம். கல்யாணங்கள் இரண்டு நாளாகப் பிரிந்தால் சமையல் காண்டிராக்டருக்கு அதைவிடப் பெரிய அனுக்கிரகம் இல்லை.

சமையல் காண்டிராக்டர் என்பவர், இலைக்கு இவ்வளவு என்று பேசி விருந்தைப் பொறுப்பேற்பவர். அவரிடம் நிரந்தரமாக இருப்போர் தலைமைச் சமையல்காரரும் நம்பிக்கையான சில கையாட்களும் மட்டுமே. பரிமாறுவோர், இலை எடுப்போர், பாத்திரம் தேய்ப்போர் எல்லாரும் நாட்கூலிக்கு வந்து போகிறவர்கள். எத்தனை பேர் வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யலாமே என்று வெளியூர்க்காரர் கேட்கக்கூடும். முடியாது. சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து வாழ்த்துமாறு வேண்டும் தமிழ்க் கல்யாணப் பத்திரிகை, வருவீர்களா மாட்டீர்களா என்ற கேள்வியை மட்டும் கேட்பதில்லை. கேட்டால் அது மரியாதைக் குறைவு, பதில் சொன்னால் அது அதைவிடப் பெரிய குறைவு. ஆகவே இலைக்கணக்கு முதல் பந்தி உட்கார்ந்த பிறகே வெளியாகிறது. இக்கணக்கு முன்பே தெளிவாகத் தெரிந்த காலம் ஒன்று உண்டென்றால், அது 2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் அரசாங்கமே கல்யாணத்துக்கு ஐம்பது பேர் என்று வரம்பு கட்டியபோதுதான். ஆனால் அப்போது ஐம்பது பேர் யார் என்பதில் குடும்பங்கள் பிளந்தன.

இலைக்கணக்குக்கும் ஆள்கணக்குக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் வாழ்பவர் ஏஜென்ட். ஆள் அனுப்புவதைத் தொழிலாகக் கொண்ட இவர், இருபது பேர் கேட்டால் இருபத்தைந்து பேர் வருவார்கள் என்று உறுதி கூறுவார். அதிகாலை ஐந்து மணிக்குப் பதினான்கு பேர் வந்திருக்க, மற்றவர்கள் வந்துகொண்டே இருப்பதாகத் தொலைபேசியில் தெரிவிப்பார். அவர்கள் உண்மையில் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள், தியாகராய நகரில் காலைச் சிற்றுண்டியை முடித்துவிட்டு மயிலாப்பூரின் மதியச் சாப்பாட்டுக்கு. மாலையில் அவர்களே சீருடை மாற்றிக்கொண்டு அடையாற்று வரவேற்பில் ஐஸ்கிரீம் கிண்ணம் ஏந்தி நிற்பதை, மூன்று விசேஷங்களுக்கும் போக நேர்ந்த விருந்தினர் கண்டு, பையன் ஒருவனை உறவுக்காரன் என்றே நினைத்து நலம் விசாரிப்பதும் நடக்கக்கூடியதே. இவர்களில் கணிசமானோர் வார இறுதியில் கைச்செலவுக்குச் சம்பாதிக்க வரும் கல்லூரி மாணவர்கள். பொறியியல் படிப்பில் பந்தி ஒரு பாடமாக இல்லாததால், இலையின் நுனி உண்பவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும், உப்பும் ஊறுகாயும் இடது மேல்மூலைக்கு உரியவை, கறியும் கூட்டும் மேல்பாதியில் அமர, சோறு கீழ்ப்பாதியில் விழ வேண்டும் என்னும் புவியியல் அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ரசம் கேட்டவருக்குப் பாயசம் வார்க்கப்படுவது இதனாலேயே.

தெரிந்தவர்கள் அருகிலேயே இருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. இரண்டு தலைமுறைக்கு முன்பு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியோடு ஓடியவர்கள் மாமாக்களும் சித்தப்பாக்களும். அந்தக் கலையின் கடைசி வித்வான்கள் இன்று முதல் பந்தியில் மூன்றாவது இலையில் அமர்ந்து, ‘நெய்யைக் காணோமேப்பா!’ என்று குரல் கொடுக்கிறார்கள். அவர்களை எழுப்பிக் கரண்டியைக் கொடுத்தால் பாதிச் சிக்கல் தீரும் என்பது இக்கட்டுரையாசிரியரின் துணிபு. எழுப்பும் துணிவு யாருக்கும் இல்லை. அறுசுவை நடராஜன், மவுண்ட்பேட்டன் மணி ஐயர் என்று சமைத்தவர்களின் பெயர்கள் ஊரறிய நிலைத்திருக்க, பரிமாறியவர் ஒருவரின் பெயரும் நிலைக்காத நகரத்தில், அவ்வேலைக்கு ஆள் வரவில்லை என்று வியப்பதற்கும் உரிமை குறைவு. சாவியின் ‘வாஷிங்டனில் திருமணம்’ நாவலில் வேண்டிய ஆட்களையெல்லாம் இங்கிருந்து விமானத்தில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். அந்தத் தீர்வுக்கு ராக்ஃபெல்லர் குடும்பத்துச் செல்வம் தேவைப்பட்டது.

வடமாநிலத் தொழிலாளர்கள் வந்தபின் சிக்கல் தீர்ந்ததாகச் சிலர் கருதினர். அவர்கள் தங்கள் பஞ்சாங்கத்தையும் கூடவே கொண்டுவந்தனர். தீபாவளிக்கு ஆறாம் நாள் பீகாரில் சூரியனை வழிபடும் சட் பண்டிகை வருகிறது, அதற்கு ஊருக்குப் போயாக வேண்டும். ஊர் போய் வாக்களிக்க வேண்டிய மக்களவைத் தேர்தலோ, 2024-இல் தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 ஒரே நாளில் முடிந்துவிட, மேற்கு வங்கத்திலும் பீகாரிலும் ஜூன் 1 வரை ஏழு கட்டங்களாக நீண்டு, சித்திரை, வைகாசி முகூர்த்தங்கள் இரண்டையும் தொட்டுச் சென்றது.

மார்கழியில் மட்டும் காட்சி தலைகீழ். கல்யாணம் இல்லாத அம்மாதத்தில் கல்யாணச் சமையற்கூட்டம் சபா கேண்டீன்களுக்கு, அதாவது கச்சேரி அரங்கின் பக்கத்தில் பந்தல் போட்டு நடத்தப்படும் பருவகால உணவகங்களுக்கு, இடம்பெயர்கிறது. 1928-இல் தொடங்கப்பட்ட மியூசிக் அகாடமி வளர்த்த டிசம்பர் இசை விழாவுக்கு இப்படிக் கைதேர்ந்த ஆட்கள் வாய்த்ததற்கு, ரசிகர்கள் மார்கழியின் அமங்கலத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். தாள வாத்தியங்களின் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேண்டீனுக்கு எழுந்து போகிறவர்கள், ஒருவகையில், அதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆட்செலவைக் குறைக்கவென்று பஃபே முறை, அதாவது உண்பவரே தட்டேந்தி நின்று எடுத்துக்கொள்ளும் முறை, சத்திரங்களுக்குள் நுழைந்தது. விருந்தினர் தாமே அள்ளினால் முந்திரிப் பருப்பு முன்வரிசையிலேயே தீர்ந்துவிடும் என்பதால் ஒவ்வொரு பாத்திரத்துக்குப் பின்னும் ஓர் ஆள் நிறுத்தப்பட்டார். தோசை வார்க்க ஒரு மாஸ்டர், அவர் வார்த்ததை நீட்ட ஓர் உதவியாளர், மீந்த தட்டுகளை நாற்காலிக்கு அடியிலிருந்து பொறுக்க இருவர் சேர்ந்தனர். நின்றுகொண்டு சாப்பிட முடியாது என்று மாப்பிள்ளையின் பாட்டி அறிவித்ததும், முதியோருக்கென்று மாடியில் தனிப்பந்தி போட்டு, அதற்கு இலை வாங்க ஒருவரை அனுப்பிவிட்டு, பரிமாற மேலும் நான்கு பேர் உடனே வேண்டுமென்று காண்டிராக்டர் ஏஜென்டை அழைக்கிறார்.