பெரியப்பா கொடுத்த போகிணி

இண்டக்‌ஷன் அடுப்பைக் கடையில் தேர்ந்தெடுப்பது நாம்தான். வீட்டுக்கு வந்த பிறகு தேர்ந்தெடுக்கும் வேலையை அடுப்பு எடுத்துக்கொள்கிறது. எந்தப் பாத்திரத்தோடு வாழ்வது, எதைத் திருப்பி அனுப்புவது என்பதெல்லாம் அதன் இஷ்டம்.

எங்கள் வீட்டுக்கு அது வரக் காரணம் சிலிண்டர். விருந்தாளி உட்கார்ந்து, சாம்பார் பாதி கொதிக்கும்போதுதான் அது தீரும். 14.2 கிலோவில் கடைசிச் சொட்டு எப்போது போகும் என்று கணிக்கும் ஜோதிடர் இன்னும் பிறக்கவில்லை. ஆபத்துக்கு உதவட்டும் என்று 2,000 வாட் அடுப்பு ஒன்றை வாங்கினோம்.

முதலில் முரண்டு பிடித்தது சுவர். 2,000 வாட் என்றால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். சமையலறையில் இருந்ததோ மிக்சிக்கான 6 ஆம்பியர் பிளக். "அதுல சொருகாதீங்கக்கா, உருகிடும்" என்றார் எலக்ட்ரீஷியன். வீட்டில் இருந்த ஒரே 16 ஆம்பியர் பாயின்ட் படுக்கையறையில், ஏசிக்கு. புது ஒயர் இழுக்கும்வரை எங்கள் வீட்டுப் பால் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் பொங்கியது. "சாந்தி முகூர்த்தத்துக்குக்கூட பால் சொம்புலதான் போகும், அடுப்போட போகாது" என்றார் மாமியார்.

அடுத்தது பாத்திரப் படலம். காந்தம் ஒட்ட வேண்டும், அடி தட்டையாக இருக்க வேண்டும், குறைந்தது 12 சென்டிமீட்டராவது அகலம் வேண்டும் என்றது கூடவே வந்த கையேடு. பிரிட்ஜ் கதவில் இருந்த கொடைக்கானல் காந்தத்தைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பினேன். மாமியார் முகம் மலர்ந்தது. காந்த சோதனை அவருடைய துறை.

எவர்சில்வரில் காந்தம் ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் உயர்தரம் என்பது அவர் தலைமுறையின் சட்டம். எங்கள் கல்யாணத்துக்கு வந்த பாத்திரங்களை எல்லாம் அப்படித்தான் தரம் பிரித்தார். ஒவ்வொன்றிலும் கொடுத்தவர் பெயர் வெட்டியிருந்ததால் யாரும் தப்ப முடியவில்லை. என் பெரியப்பா கொடுத்த போகிணியைக் காந்தம் கவ்விக்கொண்டது. "தகரத்துக்குப் பேர் வேற வெட்டியிருக்காங்க" என்று தீர்ப்பானது. போகிணி பரணுக்குப் போய், பழைய புளிக்குக் காவலானது.

இப்போது அதே காந்தம் மறு விசாரணை நடத்தியது. மாமியாரின் அண்ணன் கொடுத்த கனமான அடுக்கில் ஒட்டவில்லை. வெண்கலப் பானை, ஈயச்சொம்பு, அலுமினிய இட்லிக் கொப்பரை எதிலும் ஒட்டவில்லை. அடுக்கைத் தூக்கி அடுப்பில் வைத்தோம். கீக் கீக் என்று கத்திவிட்டுத் தானாக அணைந்தது. பரணில் இருந்து இறங்கிய பெரியப்பாவின் போகிணியில் மட்டும் தண்ணீர் தளதளவென்று கொதித்தது.

மாமியாரின் சட்டம் பொய்யில்லை. நல்ல எவர்சில்வரில் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். நிக்கலைத் தனியாக வைத்தால் காந்தத்தில் ஒட்டும். இரும்போடு இந்தக் கணக்கில் சேர்ந்தால் தானும் ஒட்டாது, இரும்பையும் ஒட்டவிடாது. இண்டக்‌ஷனுக்கோ ஒட்டுகிற சரக்குதான் வேண்டும். கண்ணாடித் தட்டுக்குக் கீழே ஒரு செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் மின்சாரம் நொடிக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் முன்னும் பின்னும் ஓட, மேலே இருக்கும் பாத்திரத்தின் அடியிலும் மின்சாரம் சுழன்று சூடாகிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த தத்துவம். "நெருப்பே இல்லாம எப்படி வேகும்?" என்ற மாமியாருக்கு இதை விளக்கினேன். "அந்த மனுஷன் வீட்ல யாரு சமைச்சா?" என்று கேட்டார்.

காந்தம் ஒட்டினால் மட்டும் போதாது. தாளிப்புக் கரண்டி சுத்தமான இரும்பு. ஆனால் அடி குழிவு, அளவு சின்னது. அடுப்பு அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. தாளிக்க முடியாத அடுப்பைத் தமிழ் வீட்டில் அடுப்பென்று சொல்வதா? அப்பளம் சுட, கத்தரிக்காய் சுட, தணல் வேண்டும், அதற்கும் வழியில்லை. வார்ப்பிரும்புத் தோசைக்கல்லை மட்டும் ஆசையாக ஏற்றுக்கொண்டது. சுருள் இருக்கும் நடுப்பகுதி மட்டும் காய, தோசை நடுவில் முறுகல், ஓரத்தில் ஊத்தப்பமாக வந்தது. ஒரே தோசையில் இரண்டு டிபன்.

'இட்லி', 'தோசை', 'குழம்பு' என்று பட்டன்கள் வேறு. 'இட்லி'யை அழுத்திவிட்டு என் கணவர் தட்டோடு வந்து உட்கார்ந்தார். அந்தப் பட்டன் சூட்டையும் நேரத்தையும்தான் தீர்மானிக்கும், மாவு அரைக்காது என்று புரியவைக்க வேண்டியிருந்தது.

போன மாதம் பெரியப்பா வந்திருந்தார். சிலிண்டர் வழக்கம்போலத் தீர்ந்தது. பாயசம் போகிணியில் ஏறியது. விளிம்பில் இருந்த தன் பெயரைப் பார்த்து அவருக்கு ஒரே பூரிப்பு. "சம்பந்தியம்மா, இது நான் கொடுத்ததாச்சே! இத்தனை வருஷமா பத்திரமா வெச்சிருக்கீங்களே!"

மாமியார் கண்ணை இமைக்கவில்லை. "பின்னே? அன்னிக்கே காந்தம் வெச்சுப் பாத்துத்தானே சம்பந்தி தனியா எடுத்து வெச்சேன்!"