உள்ளே மடித்த ஒன்றரை அங்குலம்

மைசூர் மண்டி மொஹல்லாவில் குடியிருப்பவனுக்குத் துணி வாங்காமல் இருப்பதுதான் கஷ்டம். பால் பாக்கெட்டுக்குக் கிளம்பினால் வழியில் கட்பீஸ் கடை கண்ணில் படும். சட்டைத்துணியோடு வீடு திரும்பி, பால் எங்கே என்று கேட்கும்போதுதான் நினைவு வரும்.

கட்பீஸ் வாங்குவதற்குக் கணக்கு தெரிய வேண்டும். முழுக்கைச் சட்டைக்கு 36 இஞ்ச் பன்னா என்றால் இரண்டேகால் மீட்டர், 58 இஞ்ச் பன்னா என்றால் 1.60. இது வளர்வதை நிறுத்திவிட்ட உடம்புக்கான கணக்கு. என்னைப் பார்த்ததும் கடைக்காரர், "1.80 எடுத்துக்குங்க சார், துணி சுருங்கும்" என்பார். அவர் நாகரிகமானவர். துணி சுருங்காது, நான் விரிவேன் என்பது இருவருக்குமே தெரியும்.

அடுத்த படி தையல்கார பாய். மாடிப்படிக்குக் கீழே ஒரு தையல் மெஷின், ஒரு இஸ்திரிப்பெட்டி, சுண்ணாம்புக் கட்டி. நான் எந்த ரெடிமேடை மாட்டிக்கொண்டு போனாலும் பிராண்டைப் பார்க்கவே மாட்டார். டாக்டர் கண்ணிமையை இழுத்துப் பார்ப்பதுபோலக் கீழ் விளிம்பைப் புரட்டித் தையலைப் பார்ப்பார். "மார்ஜினே விடலை சார். ஓவர்லாக் அடிச்சு ஒட்ட வெட்டிட்டான். இதை என்ன பண்றது?" அவர் தைக்கும் பேண்ட்டில் பின்பக்கத் தையலுக்கு இருபுறமும் ஒன்றரை அங்குலம் உள்ளே மடிந்திருக்கும். ஒவ்வொரு தசராவுக்கும் அதிலிருந்து கொஞ்சம் பிரித்துவிடுவார். மைசூர்பாகு எனக்குள் இறங்க இறங்க, பேண்ட் தன் சேமிப்பிலிருந்து ஈடுகொடுக்கும். எந்த வங்கியும் எனக்கு இப்படி உதவியதில்லை.

சட்டையில் முதலில் சாவது காலர். கழுத்து பட்டுப்பட்டு மடிப்பில் நூல் பிரிந்துவிடும். பாய் காலரைப் பிரித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைத்துத் தருவார். அப்படித் திருப்பிய நீலக்கோட்டுச் சட்டையோடு போன அன்று ஆபீசில், "புதுசா? நல்லா இருக்கே" என்றார்கள். சட்டை புதிதாக இருந்த காலத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

என் மனைவிக்கு இந்தச் சிக்கனமெல்லாம் சில்லறைத்தனம். அவளிடம் அவள் அம்மா கொடுத்த மைசூர் சில்க் இருக்கிறது, மானந்தவாடி சாலை ஆலையில் நெய்தது. நாலாம் கிருஷ்ணராஜ உடையார் 1912-ல் தொடங்கியது அது. இன்று கர்நாடக அரசின் பட்டு நிறுவனம் நடத்துகிறது. அந்தப் புடவையின் விலைக்கு எனக்கு ஆயுளுக்கும் கட்பீஸ் எடுக்கலாம் என்றேன். "ஏங்க, விலையை எத்தனை கல்யாணத்துக்குக் கட்டினேனோ அதால வகுத்துப் பாருங்க. உங்க சட்டைதான் காஸ்ட்லி." வகுத்துப் பார்த்தேன். மேற்கொண்டு பேசவில்லை. புடவைக்கு இன்னொரு சௌகரியமும் உண்டு. இடுப்பு எவ்வளவு மாறினாலும் அது குறை சொல்லாது, கொசுவத்தில் ஒன்று குறையும், அவ்வளவுதான். குறை சொல்வது ரவிக்கை. அதற்கும் பாய்தான்.

மகள் காலேஜில் படிக்கிறாள். போனில் ஆர்டர் போட்டு வரவழைக்கும் டாப்ஸ் மூன்றாம் துவைப்பில் தரைத்துணி ஆகிவிடும். போன மாதம் என் பீரோவைக் குடைந்து, தொண்ணூறுகளில் தைத்த ப்ளீட் வைத்த பேண்ட்டை எடுத்துக்கொண்டாள். "பேகி ஃபிட்டுப்பா, கடையில ரெண்டாயிரம்." பாயிடம் கூட்டிப்போனேன். இத்தனை தசராவாகப் பிரித்துவிட்டதையெல்லாம் மறுபடி உள்ளே மடிக்க வேண்டும் என்றதும், மனிதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"மடிச்ச துணியை மட்டும் வெட்டிடாதீங்க பாய்."

"வெட்டுவேனா? பாப்பாவுக்கு ஃபேஷன் மாறினா உங்களுக்கே திரும்பி வரும். அப்போ பிரிக்கிற கூலி தனி சார்."